தொண்ணூறு விநாடி

முதலில் கண்ணைத்தான் எக்ஸ்ரே எடுத்தோம்.
கடலூர் முதுநகரில் முப்பத்தொரு வருஷம்
விசைப்படகுகளுக்கு வெல்டிங் வைத்தவர் தேசிங்கு.
விழியோரம் எப்போதோ ஒரு பொறி தங்கியிருந்தாலும்
இந்தக் காந்தம் அதைத் திருப்பிக் கேட்கும்.

இல்லை. கண் சுத்தம்.
இரும்பு இருப்பது இன்னும் உள்ளே,
நடுமூளையில், கறுத்த ஒரு கீற்றில்.
எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும்.
அவருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நூறு கோடியில் சில நூறு பங்கு.
அதை அளக்கத்தான்
புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
ஏசியைப் பதினெட்டில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மாசியில் வந்தபோது பதினோரு நிமிடம்.
"அசையாம படுங்க" என்றேன் மைக்கில்.
சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும் கை அவருடையது.
"ராடு கையில இருந்தா நின்னுடும்மா" என்றிருந்தார்.
ராடு கொண்டுபோக முடியாத அறை அது.
ஏழாம் நிமிடத்தில் படம் கலைந்தது:
ஒரு மண்டைக்குள் மூன்று மண்டை,
அலையில் ஆடும் படகில் எழுதிய பெயரைப் போல்
படிக்க முடியாமல்.

இப்போது வேறு முறை.
ஒரு தட்டுக்கு ஒரு வரி என்று வாங்காமல்
ஒரே தட்டில் சரசரவென்று பல வரிகள்,
நடுவில் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு.
பாண்டி கடலூர் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்
தவளக்குப்பத்தில் நிற்காது, கிருமாம்பாக்கத்தில் நிற்காது;
ஆனால் முப்பத்திரண்டு ஜன்னலில்
முப்பத்திரண்டு பேர் எட்டிப் பார்த்தபடி போனால்
நிழற்குடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று
கடலூரில் இறங்கிக் கணக்குப் போட்டுவிடலாம்.
அவர் தலையைச் சுற்றிய கூண்டில் இருப்பவை
அந்த ஜன்னல்கள்தான்.

அதற்கப்புறம் வருவது இதைவிடக் கஷ்டம்.
புலம் எங்கே எவ்வளவு வளைந்தது என்று தெரியும்;
வளைத்தது யார் என்று பின்னோக்கி நடந்து கேட்க வேண்டும்.
ஐம்பத்து நான்கு டிகிரியும் கொஞ்சமும் சாய்ந்த
ஒரு கூம்பின் மேல் பதிலே கிடையாது.
பூஜ்யம்.
வேகமாய் எடுத்தாலும் மெதுவாய் எடுத்தாலும்
அங்கே ஊகம்தான்.
நோயாளிகளிடம் நான் இதைச் சொல்வதில்லை.

மேசை வெளியே வழுக்கி வந்தது.
"அவ்ளோதானா?"
போன தடவை டிரில்லிங் மெஷின், இப்ப கிரைண்டர்,
சத்தமே வேற என்றார் காதடைப்பைப் பிடுங்கியபடி.
பிறகு, குறை சொல்லாத குரலில்,
"வேகமா ஓட்டுன வெல்டிங் தண்ணி உடும்மா."
அஞ்சலாட்சி அவர் முழங்கையில் இடித்தாள்.

சரியாகத்தான் சொன்னார்.
மூக்குக்கு மேலே, காற்றறைகளின் பக்கம்
படம் கோணியிருந்தது. வேகத்துக்குக் கொடுத்த விலை.
ஆனால் கீற்று ஒரே கீற்றாய் நின்றது.
இடப்பக்கத்து எண் வலப்பக்கத்தைவிடக் கூடுதல்.
அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்;
நான் வாயைத் திறக்கக் கூடாது.

வெள்ளி அரைஞாண், மோதிரம், பட்டறைச் சாவி
தட்டில் காத்திருந்தன.
சட்டைக்கு ஐந்து பொத்தான்.
முதலாவது தன் ஓட்டையைத் தேடித் தவறியது,
மறுபடி தேடியது.
அஞ்சலாட்சி உதவப் போகவில்லை.
சுவரைப் பார்த்து என்னிடம்
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

கன்சோலில் ஓடிய கடிகாரத்தை
நிறுத்த மறந்திருந்தேன்.
மூன்றாவது பொத்தானில்
நாலு நிமிடம் பத்து விநாடி.
அடுத்த பெயரை
இன்னும் நான் கூப்பிடவில்லை.